மூலை வீடு: காவலும் மறைவும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்னும் பழமொழியை அறியாத தமிழர் இல்லை. சொந்த ஊரில் வீடு கட்டுவோனுக்கே இவ்வெச்சரிக்கை வேண்டியிருக்கிறது என்றால், அயல் மாநிலத்தில் வீடு வாங்குவோனைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. ஊரிலே மனை வாங்குகிறவன் அம்மண்ணின் வரலாற்றை அறிவான். எந்தத் தெருவில் மழைநீர் தேங்கும், எந்த முடுக்கில் இருட்டிய பின் நடமாட்டம் இராது என்பதெல்லாம் அவனுக்கு இளமையிலிருந்தே தெரிந்த செய்திகள். அண்டை வீட்டாரோ இரண்டு மூன்று தலைமுறையாக அறிமுகமானவர்கள். பெங்களூருவிலும் மும்பையிலும் தில்லியிலும் பிழைப்பின் பொருட்டுக் குடியேறி, இருபது ஆண்டுச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒன்றுகூட்டி வீடு வாங்க முனையும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த அறிவு கிட்டுவதில்லை. தரகர் கூறுவதையே பெரும்பாலும் நம்பவேண்டியிருக்கிறது.

அந்தத் தரகர் தனிப் பெருமையோடு காட்டும் மனை ஒன்று உண்டு. அதுதான் மூலை மனை. பெங்களூருவில் தமிழரும் கன்னடரும் ஒருங்கே 'கார்னர் சைட்' என்று வழங்கும் மனை. அம்மனையில் உள்ள வீட்டை வாங்குவோர் திருட்டுக்கு அஞ்சாமல் உறங்குவதற்கும், பிறர் கண்ணுக்கு ஆளாகாமல் வாழ்வதற்கும் எவற்றை ஆராயவேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மூலை மனைக்கு மதிப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை. இரண்டு பக்கம் சாலை இருப்பதால் காற்றும் வெளிச்சமும் தடையின்றி வரும். பிற்காலத்தில் ஒரு கடையோ, மருத்துவர் அறையோ வைக்க இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அரசாங்கமே இதனை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையம் மூலை மனைகளைச் சாதாரண மனைகளோடு சேர்த்து ஒதுக்கீடு செய்வதில்லை. அவற்றுக்கென்றே 1984-ஆம் ஆண்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டு, அவை ஏலத்தில் விற்கப்பட்டு வருகின்றன. ஏலத்துக்குரிய பொருள் என்றாலே விலை ஏறும் பொருள் என்பது கருத்து. ஆனால் விலை ஏறுவதற்குக் காரணமான அதே இரண்டு சாலைகள்தாம் வீட்டுக்காரருக்குக் கவலையையும் கொண்டுவருகின்றன.

சிறிது கணக்குப் பார்ப்போம். பெங்களூருவில் மிகவும் பழக்கமான அளவு முப்பதுக்கு நாற்பது அடி. அத்தகைய மனை ஒன்றின் நான்கு புறத்தையும் கூட்டினால் 140 அடி. வரிசையின் நடுவே உள்ள மனையானால், முன்புறத்து 30 அடி மட்டுமே தெருவை நோக்கியிருக்கும். மற்ற 110 அடியும் அண்டை வீட்டாரின் எல்லையை ஒட்டியிருக்கும். அதே மனை மூலையில் இருந்தால் முன்புறத்து 30 அடியும் பக்கவாட்டு 40 அடியும் சேர்ந்து 70 அடி தெருவுக்குத் திறந்திருக்கும். அதாவது, சுற்றளவில் சரிபாதி. நாற்பதுக்கு அறுபது மனைக்கும் இதே கணக்குத்தான்: மொத்தம் 200 அடி, தெருவை நோக்கியது 100 அடி. நீண்ட சதுரமான எந்த மூலை மனையிலும் எல்லையில் பாதி பொதுமக்கள் நடக்கும் வழியாகவே இருக்கும். காக்கவேண்டிய மதிலும், மறைக்கவேண்டிய சன்னலும் அந்த அளவுக்குப் பெருகிவிடுகின்றன.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. தெருவை நோக்கிய இரண்டு பக்கங்களும் ஒரே தன்மையானவை அல்ல. முன்புறச் சாலையில் எதிர் வரிசை வீடுகளின் வாயில்களும் மாடி முகப்புகளும் இருக்கும். கோலம் போடுபவர், பூப்பறிப்பவர், செய்தித்தாள் படிப்பவர் என யாராவது ஒருவரின் பார்வை அங்கே விழுந்துகொண்டே இருக்கும். பக்கச் சாலையின் நிலை வேறு. அங்கே எதிரே இருப்பதும் பெரும்பாலும் மற்றொரு மூலை வீட்டின் பக்கச் சுவர். அதில் வாயில் இராது. சன்னல் இருந்தாலும் அது குளியலறைச் சன்னலாகவோ மாடிப்படிச் சன்னலாகவோ இருக்கும். எனவே பார்ப்பார் இல்லாத தெரு அது. சுவரேறிக் குதிக்க எண்ணுகிறவன் தேர்ந்தெடுக்கும் இடமும் அதுவே. மேலும், மூலையில் நிற்பவனுக்குத் தப்பியோட ஒன்றுக்கு இரண்டாக வழிகள் உண்டு.

அந்தரங்கத்தைப் பற்றியும் இவ்வாறே எண்ணிப் பார்க்கவேண்டும். சந்திப்பு என்பது மக்கள் நடையைத் தாழ்த்தும் இடம். வண்டிகள் தயங்கித் திரும்பும். நண்பர்கள் பிரியுமுன் நின்று பேசுவார்கள். பள்ளி வண்டிக்குக் குழந்தைகளும் தாய்மாரும் காத்திருப்பார்கள். நடந்து போகிறவன் ஒரு வீட்டுக்குள் பார்ப்பது ஒரு கணம். நிற்கிறவன் பார்ப்பது பத்து நிமிடம். இரவில் திரும்பும் ஒவ்வொரு காரின் முகப்பு விளக்கும் படுக்கையறைச் சுவரைத் தடவிச் செல்லும். ஆள் நடமாட்டம் குறைந்த பக்கச் சுவரோ குப்பை கொட்டும் இடமாகவும், சிலருக்கு ஒதுங்கும் இடமாகவும் மாறிவிடும். அதைத் தடுக்கத்தான் நம் நகரங்களில் பல மதில்கள்மீது தெய்வப் படங்கள் பொறித்த ஓடுகளைப் பதித்திருப்பதைக் காண்கிறோம்.

'அதற்கென்ன, ஆளுயர மதில் எழுப்பிவிட்டால் போகிறது' என்று சிலர் கூறலாம். இங்கேதான் வாங்குவோர் பலர் அறியாத ஒரு செய்தி இருக்கிறது. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றுச்சுவரின் உயரத்தைத் தெருவின் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர், அதாவது ஏறத்தாழ ஐந்தடி, என்று பொதுவாக வரையறுக்கிறது. மேற்பகுதி 0.9 மீட்டர் கம்பித் தடுப்பாக இருக்குமானால் 2.4 மீட்டர் வரை அனுமதிக்கலாம் என்கிறது. ஆனால் மூலை மனைக்கு அது தனி வரம்பு விதிக்கிறது. சாலைகள் கூடும் முனையிலிருந்து இரு பக்கமும் 10 மீட்டர் நீளத்துக்குக் கெட்டிச் சுவர் முக்கால் மீட்டருக்கு மேல் எழலாகாது. எஞ்சிய முக்கால் மீட்டரை ஊடே பார்க்கக்கூடிய கம்பித் தடுப்பாகவே அமைக்கவேண்டும்.

இதன் பொருளை நம் முப்பதுக்கு நாற்பது மனையில் பொருத்திப் பாருங்கள். பத்து மீட்டர் என்பது ஏறத்தாழ முப்பத்து மூன்று அடி. முன்புறம் முப்பது அடி முழுவதும் இவ்விதிக்குள் அடங்கிவிடும். பக்கவாட்டில் நாற்பது அடியில் முப்பத்து மூன்று அடி அடங்கிவிடும். கெட்டிச் சுவரை ஐந்தடிக்கு உயர்த்த எஞ்சியிருப்பது ஏழே அடிதான். மற்ற இடமெல்லாம் இரண்டரை அடிச் சுவரும் அதன்மேல் கம்பியுமே. தேசிய விதித்தொகுப்பு ஒரு வழிகாட்டி; மாநிலங்களும் நகராட்சிகளும் அதனைத் தழுவியோ மாற்றியோ தமக்குரிய விதிகளை வகுத்துக்கொள்கின்றன. ஆகையால் பணம் கொடுக்குமுன் உள்ளூர் விதியை எழுத்திலே கேட்டுத் தெரிந்துகொள்வது இன்றியமையாதது. இன்று நிற்கும் உயர்ந்த மதிலைக் காட்டி, 'பாருங்கள், எவ்வளவு மறைவு!' என்று விற்பவர் சொன்னால், அம்மதிலுக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதியற்ற மதில் என்றேனும் ஒருநாள் இடிக்கப்படலாம்.

இவ்விதியை வீட்டுக்காரருக்கு இழைத்த கொடுமை என்று எண்ணுதல் தகாது. மூலையில் மதில் உயர்ந்தால் இரண்டு சாலைகளிலிருந்தும் வருவோர் ஒருவரையொருவர் காணமாட்டார்கள். பலியாவது மிதிவண்டியில் வரும் சிறுவனாக இருக்கலாம். அவன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். மூலையில் குடியிருப்பவன் ஊருக்குச் செலுத்தும் வரிகளுள் இந்தப் பார்வை வழியும் ஒன்று என்று கொள்வதே முறை.

அன்றியும், உயர்ந்த மதில் காவலுக்கு உதவும் என்பதே முழு உண்மையன்று. மதில் வெளியே நிற்பவன் கண்ணை மறைப்பதுபோல, உள்ளே குதித்துவிட்டவனையும் ஊர்க்கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதன்பின் அவன் அவசரமின்றிப் பூட்டை உடைக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ஆம் ஆண்டில் வெளியிட்ட நகரங்களைப் பற்றிய நூலில், தெருவைப் பார்க்கும் கண்களே தெருவின் காவல் என்று வற்புறுத்தினார். நம் முன்னோர் திண்ணை கட்டியபோது இதனை நூலாக எழுதி வைக்கவில்லை. ஆனால் திண்ணையில் அமர்ந்த பாட்டனார் செய்த வேலை அதுவே. இக்காலத்தில் அப்பணியைத் தெருமுனையில் வண்டி நிறுத்தித் துணி தேய்ப்பவரும், இளநீர் விற்பவரும் செய்துவருகிறார்கள். மூலை வீட்டுக்காரர் அவர்களை இடைஞ்சல் என்று எண்ணித் துரத்துவது தம் காவலரைத் தாமே துரத்துவதாகும்.

ஆக, மூலை வீட்டின் சிக்கல் இதுதான்: காவலுக்குப் பிறர் கண் வேண்டும், அந்தரங்கத்துக்குப் பிறர் கண் ஆகாது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவதுபோல் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே இடத்துக்கு வேண்டியவை அல்ல என்று கண்டுகொண்டால் முரண்பாடு தீர்ந்துவிடும். வாயில், முற்றவெளி, மதிலோரம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவை ஊரார் கண்ணில் படட்டும். படுக்கையறை, குளியலறை, சமையலறை, பூசையறை ஆகியவை படவேண்டா. வெளிப்புறத்தைத் திறந்து வைத்து, உட்புறத்தை மறைத்துக்கொள்ளுவதே மூலை வீட்டின் இலக்கணம்.

இதைச் செய்வது எவ்வாறு? முதலாவதாக, வாயில் ஒன்றே போதும். இரண்டு சாலை இருப்பதனால் இரண்டு வாயில் வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. பக்கச் சாலையில் உள்ள சிறு வாயிலை இரவில் பூட்ட மறப்பதும், வேலையாள் திறந்து வைத்துச் செல்வதும் இயல்பு. வாங்கும் வீட்டில் அத்தகைய வாயில் இருந்தால் அதை நிலையாக அடைத்துவிடலாம்.

இரண்டாவதாக, பக்கச் சாலையை நோக்கிய கீழ்த்தளச் சன்னல்களின் அடிவிளிம்பு, தெருவில் நிற்பவர் கண்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். உயரத்தில் அமைந்த அகன்ற சன்னல் காற்றையும் ஒளியையும் தரும், காட்சியைத் தராது. சல்லடை போன்ற செங்கல் சுவர் மற்றொரு வழி. கேரளத்தில் நெடுங்காலம் பணியாற்றி 2007-ஆம் ஆண்டில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இவ்வகைச் சுவர்களைச் செலவு குறைந்த வீடுகளுக்கும் கொண்டுவந்தார். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பகலில் வெளியே ஒளி மிகுதி, உள்ளே குறைவு. ஆதலால் வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. இரவில் உள்ளே விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகிவிடும். கருநிறக் கண்ணாடிக்கும் இதே விதி. பகலில் வீடு பார்த்து மறைவு இருக்கிறது என்று மகிழ்ந்தவர்கள் இரவில் திரைச்சீலை தேடுவது இதனால்தான்.

மூன்றாவதாக, வேலிச் செடிகள். செம்பருத்தியும் மருதோன்றியும் கத்தரித்து வளர்க்க ஏற்றவை. முட்கள் உடைய காகிதப்பூக் கொடி மதிலேறுவோனைத் தயங்கச் செய்யும். சந்திப்பு முனைக்கு அருகில் மட்டும் இவற்றைத் தாழ்வாகவே கத்தரித்து வரவேண்டும். சுவருக்குச் சொன்ன நியாயம் செடிக்கும் உண்டல்லவா? மதிலை ஒட்டிய மரக்கிளையோ, தண்ணீர்க் குழாயோ மாடிக்கு ஏணியாகிவிடாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நான்காவதாக, கண்காணிப்புக் கேமரா. இக்காலத்தில் மூலை வீடு வாங்கியவுடன் பலரும் செய்யும் முதற்செலவு இதுவே. ஆனால் நம் அந்தரங்கத்தைக் காக்க நாம் பொருத்தும் கருவி, அண்டை வீட்டார் அந்தரங்கத்தைக் கவரும் கருவியாகலாகாது. மூலையில் வைத்த கேமராவுக்கு இரண்டு தெருவும் தெரியும். எதிர்வீட்டுச் சன்னலும் தெரியும். அதன் பார்வையை நம் வாயிலும் மதிலும் மட்டும் அடங்குமாறு தாழ்த்தித் திருப்பவேண்டும். 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது இல்லத் தேவைக்காகச் செய்யும் பதிவுகளை விலக்கி வைத்திருக்கிறது. அதனால் எதையும் படம் பிடிக்கலாம் என்று பொருள் கொள்ளல் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 77-ஆம் பிரிவின்படி, பிறர் காணார் என்று ஒரு பெண் நம்பும் நிலையில் அவளது தனிமைச் செயலைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றமாகும். ஒரே வீட்டில் பங்குடையோர்க்கிடையே எழுந்த வழக்கொன்றில், உடன் வாழ்வோரின் இசைவின்றி வீட்டுக்குள் கேமரா இயக்கலாகாது என்று 2025-ஆம் ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

எதிர்வீட்டார் புதிதாகச் சன்னல் திறந்து நம் வீட்டை நோக்கினால் சட்டம் தடுக்குமா என்று கேட்பீர்கள். இது புதிய கேள்வியன்று. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தன் 18-ஆம் பிரிவில், அண்டை வீட்டின் அந்தரங்கம் கெடுமாறு புதுச் சன்னல் திறக்கலாகாது என்னும் ஊர் வழக்கத்தை எடுத்துக்காட்டாகவே கூறியிருக்கிறது. 1888-ஆம் ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்றமும் வடமேற்கு மாகாணத்தில் அத்தகைய வழக்கம் உண்டென்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்வுரிமை வழக்கத்தைச் சார்ந்தது. வழக்கம் உண்டென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்காடுவோருடையது. நாடெங்கிலுமிருந்து வந்தோர் நேற்றுக் குடியேறிய புதுநகரில் அதனை மெய்ப்பிப்பது எளிதன்று. ஆகவே நீதிமன்றத்தை நம்பி வீடு வாங்குவதைவிட, சன்னலைப் பார்த்து வீடு வாங்குவதே நலம்.

பார்ப்பதென்றால் ஒருமுறை பார்த்தல் போதாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தரகரோடு பார்க்கும் வீடு வேறு. புதன்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தனியே பார்க்கும் வீடு வேறு. விடியற்காலை ஒருமுறை, பள்ளி விடும் நேரம் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரம் ஒருமுறை, ஊர் அடங்கிய பின் ஒருமுறை சென்று பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, மரநிழலில் மங்கிவிடுகிறதா என்று நோக்குங்கள். வீட்டினுள் விளக்கேற்றச் சொல்லி, இரண்டு சாலைகளின் எதிர்ப்புறத்திலும் நின்று உள்ளே என்ன தெரிகிறது என்று பாருங்கள். வீட்டுப் பெண்களையும் முதியவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பகல் முழுதும் அவ்வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அவர்களே. எதிரே காலிமனை இருந்தால், நாளை அங்கே நான்கு மாடி எழும் என்றே கணக்கிடுங்கள்.

விலை பேசும்போதும் இவற்றை மனத்தில் கொள்ளவேண்டும். மூலைக்கென்று விற்பவர் கூடுதல் விலை கேட்பார். ஆனால் தெருப்பக்கம் நீண்ட சுவர், கூடுதல் கம்பி, விளக்கு, கேமரா ஆகியவற்றின் செலவு வாங்குபவரைச் சேரும். இரண்டு சாலைப் பக்கமும் இடம்விட்டுக் கட்டவேண்டும் என்று விதிக்கும் நகரங்களில் கட்டும் பரப்பும் குறையும். சாலை அகலப்படுத்தும் திட்டம் இருந்தால் இழப்பு இரண்டு பக்கத்திலும் வரக்கூடும். வில்லங்கச் சான்றிதழோடு, அனுமதிபெற்ற வரைபடத்தையும் நகரத் திட்ட வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அந்தக் கூடுதல் விலை தகுமா என்று முடிவு செய்யவேண்டும்.

இறுதியாக ஒரு சொல். அயல் மாநிலத் தமிழர் வீடுகள் ஆண்டுதோறும் சில நாட்கள் பூட்டிக் கிடக்கின்றன. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் குடும்பமே ஊருக்குப் புறப்பட்டுவிடும். வாசலில் கோலமின்றி, பால் உறையும் செய்தித்தாளும் குவிந்து கிடக்கும் மூலை வீட்டை இரண்டு தெருவில் போவோரும் காண்பார்கள். அந்நாட்களில் பூட்டைவிட வலிய காவல் அண்டை வீட்டாரே. அவர்கள் பேசுவது கன்னடமோ, மராத்தியோ, இந்தியோ ஆகலாம். அம்மொழியில் நலம் விசாரிக்கும் அளவுக்கேனும் கற்றுக்கொள்ளுங்கள். நம் பண்டிகைப் பலகாரம் அவர்கள் வீட்டுக்கும், அவர்கள் பண்டிகைப் பலகாரம் நம் வீட்டுக்கும் போய்வரட்டும். ஊருக்குப் போகும் செய்தியை முகநூலில் அறிவிப்பதற்குப் பதிலாக, எதிர்வீட்டு அம்மையாரிடமும் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இரண்டு தெருக்களுக்கும் பொதுவாக நிற்பது மூலை வீடு. அதில் வாழ்வோருக்கு அந்நியர் கண் இருமடங்கு என்பது உண்மையே. நட்புச் சம்பாதிக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இருமடங்கு உண்டு. அதனைப் பயன்படுத்திக்கொள்ள மனமுள்ளவர்கள், மற்றக் கணக்குகளும் பொருந்திவருமானால், மூலை மனையை அச்சமின்றி வாங்கலாம்.